சைவ வீட்டுத் துப்பாக்கி

அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம்கூட நறுக்க மாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் யாராவது வாய்தவறி முட்டை என்று சொல்லிவிட்டால் அக்கா முகம் சுளிப்பாள். அந்த வீட்டின் நடு அறையில், நடராசர் படத்துக்கு எதிர்ச் சுவரில், இரண்டு மரமுளைகளின்மேல் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி கிடந்தது.

அத்தான் அதை வைத்திருந்தது வாழைக்காக. மணிமுத்தாற்றுப் பக்கம், மலை இறங்கி வந்து வயலைத் தொடும் இடத்தில் அவருக்கு ஏத்தன் வாழைத் தோட்டம். துப்பாக்கி உரிமத்தில் காரணம் என்ற இடத்தில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கும். பொய்யில்லை. இருட்டியதும் காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து வாழையின் அடியைத் தோண்டிக் கிழங்கைத் தின்னும். தார் போட்ட மரம், நேற்று நட்ட கன்று என்ற பேதமெல்லாம் அவற்றுக்கு இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து, சண்டை நடந்த இடம்போலக் கிடக்கும்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைவாளர். விடுமுறை என்றால் அம்பைக்குப் பஸ் ஏறிவிடுவேன். அக்காவைப் பார்க்க என்று வீட்டில் சொல்வேன். பாதி உண்மை. மீதிப் பாதி அந்தச் சுவரில் கிடந்தது.

அது செய்கிற வேலையை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பனி விலகாத ஒரு காலையில். நாய்கள் விரட்ட, ஒரு பெண் பன்றி வாழை வரிசைகளுக்குள் இருந்து வாய்க்கால் மேட்டுக்கு வந்தது. அத்தான் பக்கவாட்டில் நின்றிருந்தார். வலது குழல் வெடித்தது. பன்றியின் தோளுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவில் துளைகள் விழுந்தன. அது விழவில்லை. முன்னங்கால்கள் மடிந்துபோக, பின்னங்கால்களால் உடம்பைத் தள்ளிக்கொண்டு, மூஞ்சியால் மண்ணை உழுதபடி எங்களை நோக்கி வந்தது. மூக்கில் வந்த நுரை சிவப்பாக இருந்தது. அத்தான் அசையவில்லை. கிட்டத்தில் வரும்வரை பொறுத்திருந்து இடது குழலை வெடித்தார். அதன் மூஞ்சியில் ஒரு பக்கம் இல்லாமல் போனது. நாய்கள் வயிற்றைக் கிழித்துக் குடலை இழுக்கும்போதும் அந்தப் பின்னங்கால்கள் உதைத்துக்கொண்டுதான் இருந்தன.

அத்தான் துப்பாக்கியை மடக்கினார். குழல்களின் பின்புறமிருந்து புகை சுருண்டு வந்தது. அவர் மூக்கு விடைத்து அந்தப் புகையை உள்ளே இழுத்ததைப் பார்த்தேன். பிறகு வாய்க்காலில் இறங்கித் தலைமுழுகினார். ஈரத் துண்டோடு வீட்டுக்குப் போய், நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிட்டார்.

பின்வாசலில் அக்கா மஞ்சள் தண்ணீரோடு நிற்பாள்.

"துப்பாக்கிக்கும் ரெண்டு சொட்டு தெளிச்சுக்கிடுதேன்."

"ஏட்டி, துருப் பிடிச்சிரும்!"

"கொன்னது அதுதான? குளிக்காம எப்படி உள்ள வரும்?"

"கொன்னது நான். நான் குளிச்சாச்சு."

ஒவ்வொரு தடவையும் இந்தச் சண்டை நடக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் எப்படியாவது ஒரு துளியைத் தெளித்துவிடுவாள். அவர் துண்டால் துடைத்துக்கொண்டே உள்ளே போவார்.

பன்றியை எடுத்துக்கொள்வது நாய்க்காரர். செத்த பன்றியில் எங்கள் வீட்டுக்கு எந்தப் பங்கும் கிடையாது. அவர் பெயர் ஊரில் பலருக்கு மறந்தே போயிருந்தது. வேட்டை நாய்கள் வைத்திருந்ததால் நாய்க்காரர். ஒரு கோம்பை, இரண்டு சிப்பிப்பாறை, மற்றவை தெருவில் பிறந்தவை. வாய் ஓயாத மனிதர். என் வேலையை வைத்து என்னை ஆபீசர் என்று கூப்பிடுவார்.

"அண்ணாச்சி கையால திங்காவ, நான் வாயால திங்கேன். அம்புட்டுதான் வித்தியாசம், ஆபீசரே."

அத்தானும் இதற்குச் சிரிப்பார்.

அவர் மனைவி பீடி சுற்றுகிறவள். புருஷன் நாய்களை அவிழ்க்கும்போதெல்லாம், மடியிலிருக்கும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "முன்னால போய் நிக்காத" என்று மட்டும் சொல்வாள். ஆனால் அவர் நிற்கவேண்டிய இடம் முன்னால்தான்.

அது ஏன் என்று புரிய, துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது அத்தானின் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. செய்தவர் பெயர் பொறித்திருந்த இடம் கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகிவிட்டது. குழல்கள் ஒரே இரும்பைத் துளைத்துச் செய்தவை அல்ல. இரும்புப் பட்டையையும் உருக்குப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, கம்பியின்மேல் கயிறு சுற்றுவதுபோலச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியவை. எண்ணெய்த் துணியால் துடைத்தால், பத்தமடைப் பாயில் நெருங்கி ஓடும் பின்னல்போல அந்த முறுக்கு அலையலையாகத் தெரியும். அழகு அதுதான், ஆபத்தும் அதுதான். அது கரிமருந்துக் காலத்துக் குழல். புது மருந்து அடைத்த தோட்டாவைத் தாங்காமல் ஒருநாள் கிழியும், கையைக் கொண்டுபோய்விடும் என்று திருநெல்வேலியில் துப்பாக்கி பழுது பார்ப்பவர் எச்சரித்திருந்தார். அத்தான் அதற்குக் கண்டுபிடித்த வழி, இடது கையைக் குழலின்மேல் நீட்டாமல் விசைக்குக் கிட்டத்தில் குறுக்கிப் பிடிப்பது. வேறு துப்பாக்கி வாங்கலாமே என்றால், "இதுல ஒரு உதை இருக்கு மாப்பிள, மத்ததுல கிடையாது" என்று தோளைத் தடவிக்கொள்வார்.

விசை வளையத்துக்கு அடியில் பாம்பின் வால்போல ஒரு நெம்புகோல். அதைப் பக்கவாட்டில் தள்ளினால் குழல்கள் முன்பக்கம் தொங்கும். தோட்டாவைக் கையால் போடவேண்டும், வெடித்த பிறகு கையால் பிடுங்கவேண்டும். பன்றிக்கு நாங்கள் போடும், பெரிய ஈயக்குண்டுகள் அடைத்த எல்.ஜி. தோட்டா அட்டையில் செய்தது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பியிருக்கும். வெடித்ததும் குழலுக்குள் இறுகிக்கொள்ளும். நகத்தால் நெம்பி எடுப்பதற்குள் பன்றி நம்மைத் தாண்டிப் போயிருக்கும், அல்லது நம்மேல் இருக்கும். ஆகவே அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு வெடிதான் கணக்கு.

குழல்களின் பின்புறம் வலதும் இடதுமாக இரண்டு இரும்புக் குதிரைகள், கிடாயின் கொம்புபோல வளைந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் குதிரை ஏறி நிற்கும். விசையை இழுத்தால் பாய்ந்து, இரும்புக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊசியின் தலையில் அடிக்கும். ஊசியின் முனை தோட்டாவின் பின்புறத்தில் பதித்திருக்கும் 'கேப்' என்ற சின்ன வெடிமூடியைக் குத்தும். தோட்டா வெடிக்கும். பிற்காலத்துத் துப்பாக்கிகளில் குதிரைகளை உள்ளே ஒளித்துவிட்டார்கள். இதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஊசியைத் தவிர.

ஒரு விடுமுறையில் அதைப் பிரித்துப் போட்டு, குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம் வரைந்தேன். வலது ஊசி பிற்பாடு மாற்றியது, துளைக்குள் இறுக்கமாக ஓடியது. இடது ஊசி ஆதியில் வந்தது. தேய்ந்துபோய், அதைச் சுற்றி நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. படத்தில் அந்த இடைவெளியையும் போட்டேன். அத்தான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எக்ஸ்ரே எடுத்திருக்கியே மாப்பிள. இதுக்கு என்ன சீக்காம்?" என்றார். அதன்பின் படம் பீரோவுக்குள் போய்விட்டது.

வெளியே தெரியும் குதிரையில் ஒரு நன்மை. துப்பாக்கி தயாரா இல்லையா என்று, பிடித்திருப்பவனுக்கு மட்டுமல்ல, எதிரே நிற்பவனுக்கும் தெரியும். அந்த எதிரே நிற்பவர்தான் நாய்க்காரர். பன்றி எப்போதும் வாழைக்குள்ளிருந்து வாய்க்கால் வாசலைப் பார்த்தே ஓடும். அந்த வாசலில் அவர் வேல்கம்போடு நிற்பார். ஆளைக் கண்டு பன்றி ஒரு கணம் தயங்கிப் பக்கவாட்டில் திரும்பும். மேட்டில் நிற்கும் அத்தானுக்கு அப்போது அதன் தோள் கிடைக்கும். வலது குழல். அதில் விழாவிட்டால், அடிபட்ட பன்றி வாசலில் நிற்பவன்மேல்தான் பாயும். இடது குழல் அதற்கு.

"முதல் வெடி பன்னிக்கு, ரெண்டாவது வெடி என் உசுருக்கு," என்பார் நாய்க்காரர். அதனால் நாய்களை அவிழ்ப்பதற்கு முன், வாசலில் நின்று மேட்டைப் பார்த்துக் கேட்பார்.

"ரெண்டும் நிக்கா?"

"நிக்கி," என்பார் அத்தான், துப்பாக்கியைச் சற்றே சாய்த்துக் காட்டி. நாய்க்காரர் தம் கண்ணால் பார்த்துக்கொள்வார். பிறகுதான் நாய்களுக்குச் சீழ்க்கை.

ஒரு வருஷம் மழை முந்திக்கொண்டது. ஆயுத பூஜையன்று காலையில் விட்டுவிட்டுத் தூறியது. அக்கா நடு அறையில் எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள். அரிவாள், மண்வெட்டி, அருவாமனை, பம்புசெட்டுச் சாவிகள், தையல் மிஷினின் தலை, நான் கொண்டுபோயிருந்த வரைகருவிப் பெட்டி, நடுவில் துப்பாக்கி. சந்தனத்தைத் தளரக் குழைத்திருந்தாள். மாட்டுக் கொம்புக்கு வைப்பதுபோலக் குதிரைகள் இரண்டிலும் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். மறுநாள் விஜயதசமி காலையில் திரும்பவும் பூஜை போட்டு எடுத்த பிறகு, அத்தான் குதிரைகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் போடுவார். அதுவரை எதையும் தொடக்கூடாது. நான் ஒரு பென்சிலைக்கூடக் கூர்சீவ மாட்டேன்.

சாயங்காலம் நாய்க்காரர் பின்வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, ஒத்தப் பன்னி. பகல்லயே உள்ள வந்து படுத்திருக்கு. கொம்புப் பல்லு ரெண்டும் வெளிய நிக்கி. எங்க தாத்தா காலத்துல கூட இப்படி ஒண்ணு இறங்கலை."

"உங்க தாத்தா பன்னியப் பாத்தாரோ, கள்ளுக்கடையப் பாத்தாரோ," என்றார் அத்தான். ஆனால் அதற்குள் எழுந்துவிட்டார்.

அக்கா அறை வாசலை மறித்தாள். "பூசையில வச்சத எடுக்கக் கூடாது. விடியட்டும்."

"பன்னிக்குத் தெரியுமா இன்னைக்கு ஆயுத பூசைன்னு?"

"பன்னிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா?"

"ஏட்டி, விடியுததுக்குள்ள பாதித் தோட்டத்தைப் புரட்டிரும்."

"புரட்டட்டும். ஒருநா சும்மா இருந்தா கை அழுகிப் போயிராது."

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் துப்பாக்கியை எடுத்தார். தோள் துண்டால் குதிரைகளை அழுத்தித் துடைத்தார். துண்டில் மஞ்சளும் சிவப்பும் அப்பிக்கொண்டன. இரும்பு பளிச்சென்று ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த சந்தனம் முழுவதும் போய்விட்டது.

தோட்டத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வாழை இலைகளில் தண்ணீர் சொட்டும் சத்தம். நான் அத்தானுக்குப் பின்னால் மேட்டில் நின்றேன். கையில் ஓர் அரிவாள், அதுவும் பூஜையில் இருந்து எடுத்ததுதான். நாய்க்காரர் வாய்க்கால் வாசலில் கால்களை அகட்டி நின்றுகொண்டு, வேல்கம்பின் அடியை மண்ணில் ஊன்றினார்.

"ரெண்டும் நிக்கா?"

"நிக்கி."

நின்றன. நானும் பார்த்தேன். இரண்டு குதிரைகளும் பின்னுக்கு வளைந்து, ஏறித்தான் நின்றன.

சீழ்க்கை கேட்டதும் நாய்கள் உள்ளே பாய்ந்தன. கொஞ்ச நேரம் இலைகள் முறியும் சத்தம் மட்டும். பிறகு ஒரு நாய் கத்தியது. அது குரைப்பில்லை. கோம்பை நாய் வரிசைக்கு வெளியே வந்து விழுந்தது, விலாவிலிருந்து நுரையீரல் வெளியே தெரிந்தது. அதன் பின்னாலேயே பன்றி. இரண்டு சிப்பிப்பாறைகளும் அதன் காதுகளில் தொங்கிக்கொண்டு வந்தன. அது தலையை ஒரு உதறு உதறியது. ஒரு நாய் வாழைத் தண்டில் மோதி விழுந்து எழவில்லை.

வாசலில் ஆளைக் கண்டு தயங்கியது, எப்போதும்போல. தோளைக் காட்டியது. அத்தான் வலது விசையை இழுத்தார். வெடித்தது. பன்றி உட்கார்ந்தது. உட்கார்ந்து, உடனே எழுந்தது. எழுந்து நாய்க்காரரைப் பார்த்துப் போனது.

அத்தான் இடது விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பன்றிக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. நாய்க்காரர் வேல்கம்பை அதன் நெஞ்சுக்கு நேரே இறக்கினார். முனை இறங்கியது, கம்பு முறிந்தது. கம்போடு பன்றி அவர்மேல் ஏறியது. தலையைக் கீழிருந்து மேலாக ஒரு வீசு வீசியது. வேட்டி கிழிந்தது என்று நினைத்தேன். கிழிந்தது தொடை. உள்ளே இருக்கும் வெள்ளைநிறம் ஒரு கணம் தெரிந்து, பிறகு எல்லாம் சிவப்பாகிவிட்டது. அவர் கத்தவில்லை. பன்றியின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், விட்டால் இன்னொரு வீச்சு விழும் என்று தெரிந்ததால். "அண்ணாச்சி! ரெண்டாவது! ரெண்டாவது!" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தான் மேட்டிலிருந்து குதித்து ஓடினார். அந்தப் பழைய துப்பாக்கியில் ஒரு வசதி உண்டு. வெடிக்காத குதிரையை, குழலைத் திறக்காமலேயே கட்டைவிரலால் திரும்ப ஏற்றலாம். ஏற்றினார், இழுத்தார். டிக். பன்றி இன்னொரு முறை தலையை வீசியது, இந்தத் தடவை முழங்காலுக்குமேல். நான் அரிவாளால் அதன் முதுகில் வெட்டினேன். பலகையை வெட்டியதுபோல அரிவாள் மேலே எகிறியது. மறுபடி வெட்டினேன். அத்தான் திரும்பவும் குதிரையை ஏற்றி, குழலின் வாயைப் பன்றியின் காதுக்குள் வைத்து அழுத்தி, இழுத்தார்.

வெடித்தது. சத்தம் உள்ளுக்குள் அமுங்கிக் கேட்டது. மூவர் முகத்திலும் சூடாகத் தெறித்தது. பன்றி நாய்க்காரர்மேல் அப்படியே படுத்துவிட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அதைப் புரட்ட முடிந்தது.

தொடையைத் துண்டால் இறுக்கிக் கட்டினோம், சந்தனமும் குங்குமமும் துடைத்த அதே துண்டு. வாழைத்தார் ஏற்ற வந்து நின்றிருந்த டெம்போவில் வாழைச்சருகைப் பரப்பி அவரைக் கிடத்தினோம். அம்பையில் கட்டுப் போட்டு, பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றம். பன்றி என்று சொன்னால் வனத்துறை வரும், உரிமம் போகும். மாடு முட்டிவிட்டது என்றார் அத்தான். டாக்டர் காயத்தை விரலால் விரித்துப் பார்த்தார்.

"இந்த மாட்டுக்குக் கொம்பு முழங்கால் உயரத்துலயா இருக்கு?"

பாதி மயக்கத்தில் கிடந்த நாய்க்காரர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "கன்னுக்குட்டி, சார்."

டாக்டர் சீட்டில் மாடு என்றே எழுதினார். பெரிய ரத்தக்குழாய்க்கு விரலிடை தள்ளித்தான் கிழிந்திருக்கிறது, பிழைத்துவிடுவார், ஆனால் கால் பழையபடி மடங்காது என்றார்.

மறுநாள் காலையில், பூஜையிலிருந்து எடுக்கவேண்டிய நேரத்தில், துப்பாக்கியைத் திறந்தேன். இடது தோட்டாவின் கேப்பில் மூன்று குறிகள். இரண்டு நகக்கீறல்போல, ஒன்று ஆழமாக. இடது குதிரையைக் கழற்றி ஊசியைத் தட்டினேன். அது சுலபத்தில் வரவில்லை. வெளியே வந்தபோது, அதைச் சுற்றி மஞ்சளாக, காய்ந்து இறுகிய சந்தனம். படத்தில் நான் போட்ட அதே இடைவெளி நிறைந்திருந்தது. சந்தனத்தில் மாட்டிக்கொண்ட ஊசி முதல் இரண்டு அடியில் பாதிதான் நகர்ந்திருக்கிறது. குதிரைகள் நின்றதென்னவோ நிஜம்தான். நாய்க்காரர் பார்த்ததும் நிஜம்.

அத்தானிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "தோட்டா நமுத்துப்போச்சு" என்றார். அக்கா எட்டிப் பார்த்து, "பூசையில வச்சத எடுத்தா இப்படித்தான். மூணாவது அடியில அம்பாளே மனசு இரங்கிட்டா" என்றாள். நான் ஊசியை மண்ணெண்ணெயில் போட்டேன்.

நாய்க்காரர் மனைவிக்கு இந்த மூன்று காரணங்களில் ஒன்றும் தேவைப்படவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில், பீடி இலைக் கட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தான் போய் நின்றார். சந்தனம் என்று நான் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சந்தனமோ சாணியோ, அத விடுங்க. ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. ஒரு வெடிச் சத்தம் கேட்டா மலையேறிப் போயிருமா போவாதா, அந்தப் பன்னிச் சவங்க?"

"போகும்மா. ஆனா திரும்ப வரும்."

"வந்தா திரும்ப ஒரு வெடி. மேல பாத்துப் போடுங்களேன். அதுக்கு எம் புருசன் எதுக்கு வாசல்ல நிக்கணும்?"

அவள் பீடி இலைக் கட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உங்களுக்கு வாழையா வேணும்? வாழைன்னா மேல பாத்துச் சுட்டிருப்பிய. ரத்தம்லா வேணும். வாயில போட மாட்டிய, கையில வேணும். இந்தா இங்கன கிடக்கானே, இவனுக்கு நாக்குல வேணும். ரெண்டு பேரும் சேந்தியோ, சரியாப் போச்சு."

உள்ளேயிருந்து நாய்க்காரர், "ஏட்டி, பைய பேசு, எல்லாரும் கேக்காவ" என்றார்.

"கேக்கட்டும்!"

தோட்டத்தில் கிடந்த பன்றியை யாரும் வெட்டக்கூடாது என்று அவள் முதல்நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். வாய்க்கால் கரையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மிஞ்சிய நாய்கள் அன்றிரவே தோண்டி இழுத்தன. நாற்றம் அக்கா வீட்டுப் பின்வாசல்வரை வந்தது. அத்தான் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோனார். தயிர்ச்சோறு இறங்காமல் அவர் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கும் போயிருந்தேன். அக்கா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்திருந்தாள். துப்பாக்கியின் கட்டையில், தோளில் பதியும் இடத்தில், ஒரே ஒரு பொட்டு. குதிரைப் பக்கம் கை போகவில்லை. "இரும்புக்கு ஆகாதாமே, உன் படத்துல இருக்குன்னு சொன்னியே" என்றாள், என்னைப் பார்க்காமல். ஆக, அவள் இரண்டு காரணங்களையும் வைத்துக்கொண்டாள்.

விஜயதசமி கழிந்து, துப்பாக்கியைக் கழுவி எண்ணெய் போட்டு முடித்த அன்று சாயங்காலம் செய்தி வந்தது. இந்தத் தடவை ஒரு கூட்டம், குட்டிகளோடு. தோட்டத்துக்குப் போனால் வாய்க்கால் வாசலில் நாய்க்காரர் நின்றிருந்தார். ஒரு கால் நேராக விறைத்து, மறு கால்மேல் பாரத்தைப் போட்டு, கையில் புது வேல்கம்பு. இரண்டு நாய்கள் கயிற்றில். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு.

"நீ என்னத்துக்கும்மா வந்த?" என்றார் அத்தான்.

"இவன் வராம இருக்க மாட்டான். அப்ப நானும் நிக்கேன். சுடுதவிய ரெண்டு பேரையும் பாத்துச் சுடுங்க."

நாய்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தான் மேட்டில் ஏறினார். இரண்டு குதிரைகளையும் ஏற்றினார். கிளிக், கிளிக். பழக்கத்தில் நாய்க்காரர் வாயைத் திறந்தார். "ரெண்டும்..." அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

வாழைக்குள் பன்றிகள் தின்னும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கிழங்கு முறியும் சத்தம், குட்டிகளின் கீச்சு. துப்பாக்கி கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைப் பார்த்தே இருந்தது. பிறகு அத்தான் குழலை உயர்த்தி, மலைக்கு மேலே வானத்தைப் பார்த்து, இடது விசையை முதலில் இழுத்தார்.

வெடித்தது. தோட்டமே ஒரு பக்கமாகச் சாய்வதுபோலக் கூட்டம் எழுந்து ஓடியது. வாசல் பக்கம் வராமல், வேலியை முறித்துக்கொண்டு மேற்கே போனது. கடைசியாக ஒரு பெரிய முதுகு திறந்த மேட்டைக் கடந்தது. துப்பாக்கியின் வாய் தானாக இறங்கி அந்த முதுகின் கூடவே போனது. அத்தானின் மூக்கு விடைத்திருந்தது. விரல் வலது விசையில் இருந்தது. அது நல்ல தூரம், அவருக்குத் தவறவே தவறாது.

"இன்னொண்ணு நிக்கி அண்ணாச்சி," என்றாள் அவள் கீழிருந்து. "இறக்குங்க."

வெளியே தெரியும் குதிரையில் அந்த நன்மை உண்டு என்று முன்பே சொன்னேன்.

ஏறிய குதிரையை வெடிக்காமல் இறக்குவது லேசான காரியம் இல்லை. கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்து, நழுவாமல் பொடிப்பொடியாக விடவேண்டும். அத்தானின் விரல் எண்ணெயாக இருந்தது. குழலைத் தரையைப் பார்த்துத் திருப்பினார். விரலை வேட்டியில் துடைத்தார். முதுகு மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

"பைய," என்றாள் அவள்.

குதிரை இறங்கி ஊசியின் தலையில் படுத்தது. அவள் இரண்டும் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் புருஷனின் கையை விட்டாள். நாய்கள் மட்டும் எதற்காகக் கொண்டுவரப்பட்டோம் என்று புரியாமல், வேலி முறிந்த திசையைப் பார்த்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தன. நாய்க்காரர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வலுவைக் கூட்டி அவற்றைப் பிடித்திருந்தார்.